ஜக்கால் நாவல் மறுவாசிப்பு: துப்பாக்கியைவிட அந்தப் பிறப்புப் பத்திரம்தான் என்னைத் தூங்கவிடவில்லை

செந்தூல் வாசகன் | ஞாயிறு, இரவு 9.15

வணக்கம் நண்பர்களே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையின் கடைசிப் பக்கம் வரை இங்கே பேசப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நண்பர் வீடு மாறினார். சாமான் கட்ட உதவிக்குப் போன இடத்தில் ஃபிரடெரிக் ஃபோர்சைத் எழுதிய 'தி டே ஆஃப் தி ஜக்கால்' கிடைத்தது. அட்டை கிழிந்து, தாளெல்லாம் பழுப்பேறிப் போயிருந்தது. பள்ளியில் படிவம் ஐந்து முடித்த கையோடு ஒரு தடவை படித்திருக்கிறேன். அப்போது துப்பாக்கி மட்டும்தான் மனதில் நின்றது. இந்தத் தடவை சென்ட்ரலுக்கும் செந்தூலுக்கும் நடுவே கொமுட்டர் ரயிலில் நின்றபடியே நான்கு நாளில் முடித்தேன்.

படித்து நாளானவர்களுக்காகக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். பிரான்ஸ் ஆண்டுவந்த அல்ஜீரியாவை விடக்கூடாது என்று 1961ல் பிரெஞ்சு ராணுவ அதிகாரிகளும் அங்கே குடியேறியவர்களும் சேர்ந்து தொடங்கிய ரகசிய அமைப்பு ஓ.ஏ.எஸ். அல்ஜீரியாவை விட்டுக்கொடுக்க முன்வந்த பிரெஞ்சு அதிபர் டி கோலைத் துரோகி என்று முடிவுகட்டினார்கள். 1962ல் அல்ஜீரியா விடுதலை அடைந்தது. அந்த வருடம் ஆகஸ்ட் 22 அன்று பாரிஸுக்குப் பக்கத்தில் பெத்தி கிளமாரில் அவருடைய கார் மீது குண்டுகளைப் பொழிந்தார்கள். மனைவியும் காரில் இருந்தார். இருவருக்கும் காயம் இல்லை. அந்தத் தாக்குதலை நடத்திய பாஸ்டியன் திரி 1963 மார்ச் 11 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இதெல்லாம் நடந்த வரலாறு. நாவல் அந்த மரண தண்டனையில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் கற்பனை: மிச்சமிருக்கும் தலைவர்கள் அரை மில்லியன் டாலர் பேசி வெளியாள் ஒருவனை அமர்த்துகிறார்கள். அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஜக்கால், அதாவது குள்ளநரி.

வேலையை ஒப்புக்கொண்டவன் கிராமத்துச் சர்ச் கல்லறைகளில் அலைகிறான். தன் வயதில் பிறந்து குழந்தையாகவே இறந்துபோன ஒருவன் வேண்டும். இரண்டரை வயதில் போய்விட்ட டகன் என்ற குழந்தை அகப்படுகிறது. அந்தப் பிள்ளையின் பிறப்புப் பத்திர நகலை வாங்கி, அதை வைத்தே பாஸ்போர்ட் எடுத்துவிடுகிறான். பிறப்புக்கு ஒரு பதிவேடு, இறப்புக்கு ஒரு பதிவேடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்ப்பதில்லை. அந்த ஓட்டை போதும் அவனுக்கு.

நான் பதினோரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் ஒரு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, பத்திரம் இல்லாதவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். வீட்டில் பிறந்து பதியாமல் விட்டவர்கள், அப்பா அம்மா கல்யாணத்தைப் பதியாததால் மாட்டிக்கொண்ட பிள்ளைகள், அறுபது வயதிலும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசியோடு, அதாவது சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் தோட்டத்துப் பாட்டிகள். இந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது புத்தகத்தை மூடிவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே இறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் வருகிறது. என் மேசைக்கு எதிரே உயிரோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 'நீ பிறந்ததற்கு என்ன ஆதாரம்' என்று கேட்டு எழுதுகிறார்கள்.

இந்த நாவல் துப்பாக்கியைப் பற்றியது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது இது காகிதத்தைப் பற்றிய நாவல் என்று படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


லேத்பட்டறை | ஞாயிறு, இரவு 10.02

அண்ணே, உங்கள் சேவைக்கு முதலில் ஒரு கும்பிடு. ஆனால் நாவலைப் பற்றி எனக்கு வேறு கருத்து.

நான் முப்பது வருடம் இரும்பு கடைந்தவன். பெல்ஜியத்தில் அந்தத் துப்பாக்கி செய்பவரிடம் ஜக்கால் போய் உட்காருகிற இடம் வருகிறதே, அதை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எங்களிடம் ஒரு கஸ்டமர் டிராயிங் கொண்டுவந்தால் எப்படிப் பேசுவோமோ அப்படியே பேசுகிறார்கள். தூரம் எவ்வளவு, குறி தலையா மார்பா, இரண்டாவது குண்டு சுட நேரம் கிடைக்குமா, எடை எவ்வளவு வரலாம், பிரித்து எதற்குள் வைக்கப் போகிறீர்கள். யாரை என்று மட்டும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதும் அவருடைய தொழிலில் ஒரு பகுதி. ஊன்றுகோலின் குழாய்க்குள் அடங்குகிற மாதிரி அந்தச் சாமான் தயாராகும்போது, வேலை சுத்தமாக வந்திருப்பதைப் பார்த்து இரண்டு பேரும் சந்தோஷப்படுகிறார்கள். அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும். கொலைக்கு என்று தெரிந்தும் படிக்கிற எனக்கும் அது தொற்றிக்கொண்டது. பிறகுதான் உடம்பு கூசியது.

எழுத்தாளர் ஒரு பொருளை உண்டாக்குகிற விதத்தை நம்பும்படி காட்டிவிட்டார் என்றால், அடுத்து அவர் சொல்கிற பொய்யையும் நாம் நம்பிவிடுவோம். இந்த நாவலின் பலம் அது. பிறப்புப் பத்திரமும் அந்த மாதிரி ஒரு சாமான்தான். நம் ஊர்ப் பிரச்சினையை அதன் தலையில் ஏற்ற வேண்டாம் என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. கதையில் கொலைக்குக் குறித்த நாள் 1963 ஆகஸ்ட் 25. சரியாக 22 நாள் கழித்து இங்கே மலேசியா பிறக்கிறது. நம் அப்பாமார்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்த அதே மாதங்கள். அதை நினைத்துப் படித்தால் கதை கிட்டத்தில் வந்துவிடுகிறது.


தொடர் பார்த்தவன் | ஞாயிறு, இரவு 10.20

நான் புத்தகம் படித்ததில்லை. 2024ல் வந்த எடி ரெட்மெய்ன் தொடர் பார்த்தேன். அதில் டி கோலும் இல்லை, அல்ஜீரியாவும் இல்லை, கதை இந்தக் காலத்தில் நடக்கிறது. ஒரு சந்தேகம். டி கோல் கொல்லப்படவில்லை என்று உலகத்துக்கே தெரியும். அப்புறம் எதற்கு 400 பக்கம் படிக்க வேண்டும்?


சௌரஸ்தா அக்கா | ஞாயிறு, இரவு 11.05

தம்பி, நீங்கள் கேட்டதைத்தான் அன்றைக்குப் பதிப்பாளர்களும் கேட்டார்கள். ஃபோர்சைத் 1970 ஜனவரியில் கையில் காசில்லாமல் உட்கார்ந்து 35 நாளில் எழுதி முடித்தார். டி கோல் அப்போது உயிரோடு இருந்தார். ஆள் உயிரோடு இருக்கிறாரே, இதில் என்ன மர்மம் என்று கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த நவம்பரில் டி கோல் தம் வீட்டிலேயே இயற்கையாக இறந்தார். புத்தகம் 1971ல் வந்தது. யாரும் முடிவு தெரியும் என்று சொல்லிக் கீழே வைக்கவில்லை.

என் பாட்டி ஊரில் பார்த்த பாரதக் கூத்தைப் பற்றி விடிய விடியச் சொல்வார். அபிமன்யு சாகப்போகிறான் என்று கூட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் அவன் சக்கர வியூகத்துக்குள் காலை வைக்கும்போது 'போகாதேடா' என்று பெண்கள் அழுவார்களாம். என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் எப்படி நடக்கிறது என்பதில் மனம் முழுசாக இறங்கும். இந்த நாவலிலும் கண்கள் கேட்பது ஒன்றே ஒன்று: எந்த இடத்தில் தப்பும்? கடைசியில் தப்புகிற இடம் எவ்வளவு சின்னது பாருங்கள். பதக்கம் குத்திவிட்டுப் பழைய வீரர் ஒருவரை முத்தமிட டி கோல் குனிகிறார். அது பிரெஞ்சுக்காரர் வழக்கம். ஆங்கிலேயனான ஜக்காலுக்கு அது தோன்றவில்லை. குண்டு தலையில் படாமல் போய்விடுகிறது.

நான் பினாங்கு சௌரஸ்தா மார்க்கெட் மேல்மாடிப் பழைய புத்தகக் கடையில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிப் படித்தவள். எங்கள் தாத்தா காரைக்கால்காரர். 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர். அதனால் எனக்கு இந்தக் கதையில் யாரும் பேசாத ஒரு தேதி கண்ணில் படுகிறது. புதுச்சேரியும் காரைக்காலும் 1954 நவம்பரில் நடைமுறையில் இந்தியாவுக்கு வந்துவிட்டன. 1956ல் ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு நிலத்தைச் சட்டப்படி விட்டுக்கொடுத்தால் அடுத்ததற்கும் அது முன்னுதாரணமாகிவிடும். அல்ஜீரியா போன பிறகுதான் ஒப்புதல் வந்தது. சட்டப்படி மாற்றம் நடந்த நாள் 1962 ஆகஸ்ட் 16. டி கோல் கார் மீது குண்டு பாய்ந்தது அதற்கு ஆறு நாள் கழித்து.

அதாவது ஓ.ஏ.எஸ். காரர்கள் எந்த இழப்புக்காகக் கொதித்தார்களோ, அதே இழப்பின் வாலில்தான் எங்கள் காரைக்காலும் இருந்தது. அந்தச் சமயத்தில் அங்கிருந்த குடும்பங்களுக்கு ஒரு தேர்வு கொடுத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடு. எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குப் பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை செய்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை அங்கே 'சொல்தா' என்பார்கள். எங்கள் சொந்தத்திலேயே ஒரு சொல்தா வீடு உண்டு, பக்கத்து வீடு கையெழுத்துப் போடாத வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

லேத்பட்டறை அண்ணன் கோபப்படக்கூடாது. செந்தூல் அண்ணன் சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது.


முன்னாள் ஆப்பரேட்டர் | திங்கள், காலை 6.40

விடிகாலையில் பசியாறிவிட்டு எழுதுகிறேன். நான் 1971ல் கோலாலம்பூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தவள். வெளிநாட்டுக்கு டிரங்க் கால் கேட்டால் பெயரையும் நம்பரையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, பலகையில் வயரைச் செருகி, அந்தப் பக்கத்து ஆப்பரேட்டரைப் பிடித்து, 'லைன் கிடைத்தது, பேசுங்கள்' என்று சொன்ன காலம்.

எனக்கு இந்த நாவலில் ஜக்காலைத் தேடும் லெபெல் என்ற அந்தத் துப்பறியும் அதிகாரிதான் எல்லாமே. குள்ளமானவர், வீட்டில் மனைவிக்குப் பயந்தவர், மந்திரிகள் முன்னால் குரலை உயர்த்தத் தெரியாதவர். டி கோல் ஒரு நிகழ்ச்சியையும் ரத்து செய்ய மாட்டார், விஷயம் வெளியே தெரியவும் கூடாது. பெயர் தெரியாத, முகம் தெரியாத ஒருவனை ரகசியமாகக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் முதலில் செய்த காரியம் என்ன? ஏழு நாட்டுத் துப்பறியும் தலைவர்களுக்கு ஒருவர்பின் ஒருவராகப் போன் போட்டார். உத்தரவு போட முடியாது, பழைய பழக்கத்தை நம்பித்தான் கேட்க முடியும். அந்த அத்தியாயத்தில் லைன் கிடைக்கிறவரை காத்திருக்கிற அமைதியை நான் இரண்டு தடவை படித்தேன். என் காதில் ஹெட்போன் மாட்டியது போல இருந்தது.

அப்புறம் மந்திரிகள் கூட்டத்தில் இருக்கும் ஒருவர் மூலம் ரகசியம் போகிறது என்று தெரிந்ததும், யார் என்று கண்டுபிடிக்க எல்லாருடைய போனையும் ஒட்டுக்கேட்கிறாரே, அது சரியா தப்பா? ஆப்பரேட்டராக இருந்த எங்களுக்கு, காதில் விழுந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பதுதான் முதல் பாடம். லெபெலை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த இடத்தில் மந்திரியின் போனையும் ஒட்டுக்கேட்டேன் என்று அவர் சொல்லும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நல்லவர் என்பதால் அந்தக் காரியம் நல்லதாகிவிடுமா?

கோவால்ஸ்கியை ஏன் யாரும் பேசவில்லை?


செந்தூல் வாசகன் | திங்கள், மதியம் 1.10

ஆப்பரேட்டர் அக்கா, நீங்கள் கேட்டதற்கு நன்றி. கோவால்ஸ்கியைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால்தான் விட்டேன். நீங்களே சொல்லுங்கள்.


முன்னாள் ஆப்பரேட்டர் | திங்கள், இரவு 8.30

சரி, சொல்கிறேன்.

ஓ.ஏ.எஸ். தலைவருக்குக் காவலாக இருக்கும் முரடன் அவன். ஆறடிக்கு மேல் உயரம், படிப்பு கிடையாது. அவனுக்கு ஒரு சின்ன மகள். பிரெஞ்சு ரகசியப் போலீஸ் ஒரு கடிதம் அனுப்ப வைக்கிறது, பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று. அந்த நோயின் பெயர்கூட அவனுக்குப் புரியவில்லை, என்ன வியாதி என்று வேறு ஆளிடம் கேட்கிறான். தெரிந்ததும் எல்லா எச்சரிக்கையையும் மறந்து மகளைப் பார்க்கக் கிளம்புகிறான். பிடித்துக்கொண்டு போய் மின்சாரம் வைத்துச் சித்திரவதை செய்கிறார்கள். அவன் உளறியதிலிருந்துதான் 'ஜக்கால்' என்ற சொல்லே கிடைக்கிறது. செத்துப்போகிறான். பிள்ளைக்கு நோயே இல்லை.

அவன் கெட்டவன்தான். கையில் ரத்தம் இருக்கிறது. ஆனாலும் அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற முதல் நூல் ஒரு தகப்பனின் பாசத்திலிருந்து பிடுங்கியது. பிறகு லெபெல் அந்த வாக்குமூலத்தின் மேல் நின்றுதான் வேலை செய்கிறார். எப்படிக் கிடைத்தது என்று அவர் ஒருநாளும் நின்று கேட்பதில்லை.


குமாஸ்தா | திங்கள், இரவு 9.45

வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், இத்தனை நாள் இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆப்பரேட்டர் அம்மா சொன்னது என்னை எழுத வைத்துவிட்டது.

இதை அரசியல் சதி நாவல் என்கிறோம். சதி ஒரு பக்கம் மட்டும் நடக்கவில்லை. ஓ.ஏ.எஸ். ஒளிந்திருந்து திட்டம் போடுகிறது. அரசாங்கமும் வேறு நாட்டுக்குள் புகுந்து ஆள் கடத்துகிறது, பொய்க் கடிதம் எழுதுகிறது, அறையைப் பூட்டிக்கொண்டு அடிக்கிறது. எழுத்தாளர் இரண்டையும் ஒரே குரலில், ஒரே நிதானத்தோடு சொல்கிறார். சிலருக்கு அது ஈரமில்லாத எழுத்து என்று தோன்றலாம். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. இந்த நாட்டில் 1960லிருந்து 2012 வரை விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கும் சட்டம் இருந்தது. 2007 டிசம்பரில் மலேசிய இந்தியர் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராப் இயக்கத் தலைவர்கள் ஐந்து பேரை அதில்தான் உள்ளே வைத்தார்கள். நாட்டைக் காப்பாற்றத்தான் என்று சொல்லித்தான் எல்லாக் கதவும் பூட்டப்படுகிறது. அந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு, மந்திரிகள் கூட்டம் வரும் அத்தியாயங்கள் புதிதாக இருக்காது.

செந்தூல் அண்ணன் சொன்ன பிறப்புப் பத்திர விஷயத்துக்கு வருகிறேன். அது கதையோடு நிற்கவில்லை. நாவல் வந்து பல வருடம் ஆகியும் பிரிட்டனில் அந்த ஓட்டை அடைபடவில்லை. இன்னும் கொடுமை, லண்டன் காவல் துறையிலேயே 1968ல் தொடங்கிய ஒரு ரகசியப் பிரிவு இருந்தது. போராட்டக் குழுக்களுக்குள் ஆள் அனுப்பி உளவு பார்ப்பது அதன் வேலை. அதன் அதிகாரிகள் பலர் இறந்த குழந்தைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் எடுத்துக்கொண்டுதான் வேடம் போட்டார்கள். பதிவேட்டில் இறந்த பிள்ளையைத் தேடும் வேலைக்கு இந்த நாவலின் பெயரையே வைத்து 'ஜக்கால் ஓட்டம்' என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். 2013ல் இது வெளியே வந்து, காவல் துறை மன்னிப்புக் கேட்டது. பிறகு பொது விசாரணையும் அமைக்கப்பட்டது. தன் பிள்ளையின் பெயரில் யாரோ ஒருவன் பல வருடம் வாழ்ந்திருக்கிறான் என்று வயதான காலத்தில் கேள்விப்பட்ட தாய்களை நினைத்துப் பாருங்கள்.

லேத்பட்டறை அண்ணே, அந்தப் பத்திரம் வெறும் சாமான் இல்லை.


மறுபக்கம் | திங்கள், இரவு 11.30

எல்லாரும் புகழ்வதால் என் மனக்குறையையும் சொல்கிறேன்.

ஒன்று, பெண்கள். பிரபு வம்சத்துச் சீமாட்டி, ரகசியம் கறக்க அனுப்பப்பட்ட இளம்பெண், இவர்களெல்லாம் கதையை நகர்த்தவே வருகிறார்கள். அந்த இளம்பெண்ணின் சகோதரன் அல்ஜீரியாவில் செத்ததைக் காட்டி அவளுக்கு ஒரு காரணம் கொடுக்கிறார்கள், அதோடு சரி. சீமாட்டி வீட்டில் தங்கி, அவள் உண்மையைக் கண்டுபிடித்ததும் ஜக்கால் அவளைக் கொல்கிற இடத்தில் எழுத்தாளர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

இரண்டு, அல்ஜீரியர்கள். கதை முழுக்க அல்ஜீரியாவை இழந்த வெள்ளைக்காரர் கோபம். அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர் ஒருவர் வாய் திறந்து பேசி என் மனதில் நிற்கவில்லை. 1961 அக்டோபர் 17 அன்று பாரிஸில் ஊர்வலம் போன அல்ஜீரியர்களைப் போலீசார் அடித்துக் கொன்று, சேன் நதியில் தூக்கிப் போட்டார்கள். அப்போது பாரிஸ் போலீசுக்குத் தலைவர் மொரீஸ் பப்போன். நாஜிக் காலத்தில் யூதர்களை நாடு கடத்தியதில் பங்கிருந்ததற்காக 1998ல் தண்டனை பெற்றவர். அவர் தலைமையில் இருந்த போலீஸ்தான் இந்த நாவலில் நம் பக்கத்து ஆட்கள். காலனி நாட்டில் பிறந்த வாசகர்கள் நாம். லெபெலின் நல்ல குணத்தில் மயங்கி இதை மறந்துவிடக்கூடாது.

மூன்று, ஜக்கால் மேல் வருகிற ரசிப்பு. கதை முடிகிற நேரத்தில் அவன் தப்பிவிட வேண்டுமே என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. பணத்துக்காகக் கொல்கிறவன் மேல் எனக்கு ஏன் அந்த எண்ணம் வந்தது?


லேத்பட்டறை | செவ்வாய், காலை 7.15

மறுபக்கம் கேட்ட மூன்றாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். ஒருவன் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வதைப் பக்கம் பக்கமாகப் பார்த்தால், அது முடிய வேண்டும் என்று மனம் ஆசைப்படும். அந்த ஆசைக்குத் தர்மம் தெரியாது. காட்டுக்குள் பழத்தைத் தொங்கவிட்டு, குறி சரிபார்த்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறான் அல்லவா, அந்த இடத்திலேயே என்னை அவன் பக்கம் இழுத்துவிட்டார் எழுத்தாளர்.

அல்ஜீரியர் பற்றிச் சொன்னது நியாயம். எனக்கு அந்த நதி விஷயம் தெரியாது. படித்துவிட்டு நேற்று ராத்திரி தேடித் தேடிப் பார்த்தேன். மனசு கனத்துவிட்டது.

குமாஸ்தா தம்பி சொன்னதையும் யோசித்தேன். இருந்தாலும் எனக்கு இன்னும் ஒரு தடை இருக்கிறது. முழுக்கதையும் காகிதம் என்றால், கண்டுபிடிப்பும் காகிதத்தால் நடந்திருக்க வேண்டுமே? பிரிட்டிஷ் போலீஸ் கால்த்ராப் என்ற ஆளைச் சந்தேகித்தது வார்த்தை விளையாட்டால். ஆங்கிலத்தில் எழுதினால் சார்ல்ஸ் என்பதில் முதல் மூன்று எழுத்து, கால்த்ராப் என்பதில் முதல் மூன்று எழுத்து, சேர்த்தால் பிரெஞ்சில் நரிக்குச் சொல்லும் 'ஷக்கால்'. கடைசியில் பார்த்தால் அந்தக் கால்த்ராப் விடுமுறைக்குப் போயிருந்த வேறு ஒரு மனிதர். தப்பான ஆளைத் தேடி, சரியான இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள். அது அதிர்ஷ்டம்.


செந்தூல் வாசகன் | செவ்வாய், இரவு 10.40

லேத்பட்டறை அண்ணே, உங்கள் கேள்விதான் என் கருத்தை எனக்கே தெளிவாக்கியது.

கால்த்ராப் தப்பான ஆள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தப்பான ஆளைச் சோதித்தபோது என்ன நடந்தது? அவன் பாஸ்போர்ட் வீட்டிலேயே இருக்கிறது. அப்படியென்றால் வேறு பெயரில் போயிருக்க வேண்டும் என்று, சமீபத்தில் பாஸ்போர்ட் கேட்டு வந்த விண்ணப்பங்களையெல்லாம் கீழ்நிலை அதிகாரிகள் ராத்திரி பகலாக உட்கார்ந்து இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார்கள். அப்போதுதான் டகன் வெளியே வருகிறான். யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்காத இரண்டு பதிவேடுகளை முதன்முதலாகப் பக்கத்தில் வைக்கிறார்கள். பெயர் தெரியாத அந்தக் குமாஸ்தாக்கள்தான் டி கோலைக் காப்பாற்றியவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

அதற்கப்புறம் ஜக்கால் என்ன செய்கிறான்? டேனிஷ் பாதிரியார் ஆகிறான், அமெரிக்க மாணவன் ஆகிறான், கடைசியில் கால் இழந்த பிரெஞ்சு வீரன் ஆகிறான். ஒவ்வொரு தடவையும் காவல்காரன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அட்டையைத்தான் பார்க்கிறான். ஊன்றுகோலோடு வரும் கிழவனை அடைத்துவைத்த தெருவுக்குள் விடுவதும் அட்டையைப் பார்த்துத்தான்.

இப்போது கடைசிப் பக்கம். லெபெல் அவனைச் சுட்டுவிட்டார். மறுநாள் பாரிஸ் பேர் லஷேஸ் கல்லறையில் பெயர் இல்லாத குழியில் புதைக்கிறார்கள். கூட ஒரு பாதிரியார், ஒரு போலீஸ்காரர், ஒரு பதிவாளர், குழி வெட்டியவர்கள், பிறகு பெயர் சொல்ல மறுத்த ஒரு சின்ன உருவம். இறப்புப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? அடையாளம் தெரியாத வெளிநாட்டுப் பயணி, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் கார் மோதி இறந்தார். பொய். பொய்யான பிறப்புப் பத்திரத்தோடு புறப்பட்டவனை அரசாங்கமே ஒரு பொய்யான இறப்புப் பத்திரம் எழுதி அனுப்பி வைக்கிறது. அவன் உண்மையில் யார் என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. படிவம் ஐந்தில் படித்தபோது இந்தப் பக்கத்தை ஓடிக் கடந்துவிட்டேன். இப்போது இதைத் தாண்ட முடியவில்லை.

சௌரஸ்தா அக்கா சொன்ன அந்த ஒரு சுவரும் எனக்கு இந்தப் பக்கம்தான்.


சௌரஸ்தா அக்கா | புதன், மாலை 5.20

செந்தூல் அண்ணே, அந்தப் பிள்ளைகளில் யாருக்காவது இந்த வருடம் கிடைத்ததா? கேட்கலாம் என்று நினைத்தால் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.


செந்தூல் வாசகன் | புதன், இரவு 9.05

கேட்கலாம் அக்கா.

இரண்டு பேருக்கு வந்தது. ஒரு பாட்டிக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்து, கையில் வாங்கிய அன்று மண்டபத்துக்கே வந்து எல்லாருக்கும் காட்டினார். பிளாஸ்டிக் உறையைக் கூடக் கிழிக்கவில்லை.

ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள், படிவம் ஐந்து, இந்த வருடம் எஸ்பிஎம் தேர்வு. அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டில் பிறந்தவர், கல்யாணம் கோயிலில் நடந்தது, பதியவில்லை. பிள்ளை இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவள். போன மாதம் ஓர் அலுவலகத்தில் எங்கள் கோப்பையே காணோம் என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து எழுதினோம். அவளுடைய கிளினிக் தடுப்பூசிப் புத்தகம், பள்ளியில் சேர்ந்த சீட்டு, பிறந்த ஆஸ்பத்திரியின் கடிதம், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேருடைய சத்தியப் பத்திரம், எல்லாவற்றையும் இந்தத் தடவை மூன்று நகல் எடுத்துவைத்திருக்கிறோம். ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம், ஒன்று குமாஸ்தா தம்பி தன் அலுவலகத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று தனிச் செய்தியில் சொல்லியிருக்கிறார்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும். லேத்பட்டறை அண்ணன் வேன் கொண்டுவருகிறார்.